மாணவர் ‘அ’ மறுக்கவில்லை

தஞ்சோங் மாலிம்
2 மார்ச் 2025

அன்புத் தம்பி தர்மாவுக்கு,

அக்கா குமுதா எழுதுகிறேன். வெயிலைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கு இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதல் வரியில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

வாட்ஸ்அப் புலனத்தில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். கூப்பிட்டால் “லைன் சரியில்லக்கா” என்கிறாய். அதனால்தான் இந்த மின்னஞ்சல். நீயும் ஒழுங்காகக் கடிதம் மாதிரி எழுதவேண்டும். சாக்குப்போக்கு சொன்னால் நேரே கிளம்பி வந்துவிடுவேன்.

விஷயம் இதுதான். எங்கள் பல்கலைக்கழகத்தில், நான் வேலை பார்க்கும் கற்றல் உதவிப் பிரிவில், முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு கல்வித்திறன் கையேடு தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பெடுப்பது, நேரத்தைப் பங்கிடுவது, விரிவுரையாளர் தரும் இடுபணியை எழுதுவது, மேற்கோள் காட்டுவது, விரிவுரையாளரிடம் பேசுவது எல்லாம் அதில் வரும். ஜூனில் அச்சுக்குப் போகவேண்டும். மலாயில்தான் வெளிவரும். ஆனால் எனக்குத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் மண்டையில் ஏறுகிறது.

போன வருடம் முதல் பருவத்திலேயே படிப்பை விட்டுப் போனவர்களில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். ஒருத்தனும் மக்கு இல்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமலே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். இந்தக் கையேடு ஒரு பிள்ளையையாவது பிடித்து நிறுத்தினால் எனக்குப் போதும். நீ இரண்டாம் ஆண்டு படிப்பவன், உண்மையைச் சொல்வாய். எனவே நீதான் முதல் வாசகன். இரண்டு இயல்களை இணைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு முட்டிவலி. ஈப்போ புந்தோங் ஃபிளாட்டில் லிஃப்ட் மறுபடியும் பழுது. செக்யூரிட்டி கார்டு வேலையை விடுங்கள் என்றால், “தர்மா பட்டம் வாங்குற அன்னைக்கு விடுறேன்லா” என்கிறார். பார்த்துக்கொள், அவர் முட்டி உன் கையில்தான் இருக்கிறது.

உன் பதிலுக்காக அலுவலகத்தில் திருட்டுத்தனமாக இன்பாக்ஸைத் திறந்து பார்க்கப்போகிற,
அக்கா குமுதா

மாணவர் விடுதி
15 மார்ச் 2025

பேரன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், எந்த வேளைக்கு என்று கேட்காதே. நீ சுகம்தானே? அப்பாவின் முட்டிக்கு அந்தச் சீனக்கடை எண்ணெயை வாங்கிக் கொடு.

இரண்டு இயல்களையும் படித்தேன். குறிப்பெடுக்கும் பகுதி நன்றாக இருக்கிறது. நேர அட்டவணைதான் சிரிப்பு. காலை ஐந்தரைக்கு எழுந்து படி என்கிறாய். எங்கள் விடுதியில் அந்நேரத்துக்கு எழுந்திருப்பது சமையற்கட்டுப் பூனை மட்டும்தான். அதற்கும் பரீட்சை இல்லை.

“உன் நூல், குறிப்பு, கணினி ஆகியவற்றைப் பாதுகாத்துக்கொள்” என்று எழுதியிருக்கிறாயே, அது இங்கே நடக்காது. என் அறையில் இருக்கும் ரூபனை உனக்குத் தெரியும்தானே, தீபாவளிக்கு முறுக்கு டின்னைக் காலி செய்தவன். என் ரைஸ் குக்கரும் சட்டையும் செருப்பும் பாதி நாள் அவனிடம்தான். நான் ஊருக்கு வந்தபோது பஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு ‘இது என்னது, தொடாதே’ என்று சொன்னால் மனுஷனா அக்கா?

இன்னொன்று. விரிவுரையாளர் கோபமாக எழுதினால் அன்றைக்கே விளக்கம் கொடு என்கிறாய். அப்பா நமக்கு வேறு மாதிரி அல்லவா சொல்லிக் கொடுத்தார்? “பெரியவங்க கோவமா இருக்கறப்ப வாயத் தொறக்காதே. மறுநாள் காலையில போய்ப் பேசு.” எது சரி என்று நீயும் அப்பாவும் முதலில் முடிவு பண்ணுங்கள்.

இடுபணி ஒன்று தலைக்கு மேல் நிற்கிறது. போய் எழுதுகிறேன்.

உன் முதல் வாசகன் (சம்பளம் இல்லாமல்),
தர்மா

தஞ்சோங் மாலிம்
29 மார்ச் 2025

என் அருமைத் தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்ததில் பக்கத்து மேசை கலாதேவி ஒருமாதிரி பார்த்தாள். ஐந்தரையை ஏழு மணி ஆக்கிவிட்டேன். பூனைக்குச் சொல்லிவிடு.

அப்பாவின் பாடம் கிராணி காலத்துப் பாடம். நீ தோட்டத்தில் பிறக்கவில்லை, உனக்குத் தெரியாது. சுங்கை சிப்புட்டில் நம் ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி காலையில் பெயர் கூப்பிடும்போதே கத்துவார். பால் குறைந்தாலும் கத்தல், மழை பெய்தாலும் கத்தல். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்பார். ஒரு வார்த்தை வராது. மறுநாள் காலையில் கிராணி வீட்டுப் பின்வாசலுக்குப் போய் நடந்ததைச் சொல்வார். அவரும் சரி சரி என்பார். அதற்குள் முந்தின நாள் கூலியை வெட்டியிருப்பார்கள். நான் சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்து, பெரியவளானால் வாயாடியாக வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆகிவிட்டேன்.

அடுத்தது கல்வி நேர்மை இயல். பிறர் எழுத்தைத் தன்னுடையது என்று கொடுப்பது பற்றி. எல்லாக் கையேட்டிலும் இது போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும், யாரும் படிக்கமாட்டார்கள். உண்மையாக நடந்தது ஒன்று இருந்தால் படிப்பார்கள். உன் விடுதியில் அப்படி ஏதாவது நடந்திருந்தால், பெயர் இல்லாமல் எழுதி அனுப்பு.

இரவில் காற்றாடியை நேரே வைத்துக்கொண்டு தூங்காதே. இருமல் திரும்பிவிடும்.

வாயாடி அக்கா,
குமுதா

4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்கவேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உண்மையாக நடந்தது கேட்டாய். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு நடந்தது. அவனும் அவன் நண்பனும் ஒரே பாடம். நண்பனின் வீட்டில் பிரச்சினை, எழுத முடியவில்லை. “பார்த்துட்டுத் தாரேன்டா” என்று கேட்டதால் இவன் தன் இடுபணியைக் கொடுத்தான். இரண்டும் ஒன்றுபோலவே விரிவுரையாளரிடம் போய்விட்டன.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நண்பன் பயந்துபோய், ‘நான்தான் எழுதினேன், என் கணினியிலிருந்து எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்’ என்று சொல்லிவிட்டான். விரிவுரையாளருக்குக் கடும் கோபம். இடுபணியைக் கொடுத்த பையன் தலையைக் குனிந்து நின்றான். ஒன்றும் பேசவில்லை. ‘மாணவர் மறுக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். திருட்டு என்று தீர்மானித்து, போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அவனுக்கு இனி ஏதாவது வழி இருக்கிறதா அக்கா? உனக்கு விதிகள் தெரியும் என்பதால் கேட்கிறேன்.

தம்பி,
தர்மா

தஞ்சோங் மாலிம்
6 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நல்லா இருக்கிறாய்தானே? கடிதம் சுருங்கிப்போய்விட்டதே, சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய கதை கைக்குக் கிடைத்த வெல்லக்கட்டி. அப்படியே இயலில் சேர்த்துவிட்டேன். ‘மாணவர் அ’ என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பிரிவுத் தலைவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

வழி கேட்டாய். முடிவு கையில் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். எல்லா இடத்திலும் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தன் பக்கம் நியாயம் இருக்கிறவன் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டான். மூன்று பேர் நேருக்கு நேர் கேட்கிறார்கள், ஒரு வார்த்தை வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? உன்னிடம் வந்து வேறு கதை சொல்லியிருக்கிறான். நீயும் நம்பிவிட்டாய். இந்த மாதிரிப் பையன்களோடு சுற்றாதே தர்மா. உன் பெயரும் சேர்ந்து கெடும்.

நேற்று வேலை முடிந்து ஈப்போ போனபோது அப்பாவுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். “பெத்தவங்க பாவம். நம்ம பையன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்” என்றார். கேட்டுக்கொள், உன்மேல் எவ்வளவு நம்பிக்கை.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா,
குமுதா

8 மே 2025

அக்கா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். அந்தப் பையனுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வரி என்ன, யாருக்கு எழுதவேண்டும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, ஒன்றும் தெரியவில்லை. நீ ஒரு மாதிரிக் கடிதம் எழுதித் தருவாயா? நண்பனுக்குத்தான். அவன் திருடவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முடிந்தால் இந்த வாரத்துக்குள் அனுப்பு. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தர்மா

தஞ்சோங் மாலிம்
22 ஜூன் 2025

அருமைத் தம்பிக்கு,

அக்காவைத் திட்டிக்கொண்டிருப்பாய். ஒன்றரை மாதமாகத் தலை தூக்க நேரமில்லை. மலாய் மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம், அச்சகம் என்று ஓடி, நடுவில் எனக்குக் காய்ச்சல் வேறு. இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை, பரீட்சை நேரம் என்று விட்டுவிட்டேன்.

கையேடு வந்துவிட்டது தர்மா. நீல அட்டை, கையில் பிடிக்க அழகாக இருக்கிறது. நன்றியுரையில் உன் பெயர் இருக்கிறது. நீ கேட்ட மேல்முறையீட்டு மாதிரிக் கடிதத்தை மறக்கவில்லை. உன் நண்பனைப்போல இன்னும் எத்தனை பேருக்குத் தேவையோ என்று நினைத்து, கடைசி இணைப்பாகச் சேர்த்துவிட்டேன். உன் விடுதி முகவரிக்கு ஒரு பிரதி போன வாரம் அனுப்பினேன், கிடைத்ததா? பக்கங்களைப் படமெடுத்தும் இதோடு இணைத்திருக்கிறேன். நேர்மை இயலில் மாணவர் ‘அ’வின் கதைக்குக் கீழே கட்டம் போட்டு, “மௌனம் ஒப்புதலாகவே கொள்ளப்படும்” என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். எல்லாரும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

விடுமுறை எப்போது? அப்பா உனக்காகக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறார். ஃபிளாட் முழுக்க அதே வாசம்.

உடனே எழுது.

அக்கா,
குமுதா

பாரிட் புந்தார்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குக் காய்ச்சல் முழுதாக விட்டதா? நல்ல ஓய்வு எடு.

விடுதிக்கு அனுப்பிய கையேடு உனக்கே திரும்பி வந்திருக்கும். நான் அங்கே இல்லை. மே மாதத்திலிருந்து இங்கே ஓர் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை. பங்களாதேஷிலிருந்து வந்த இருவரோடு அறை எடுத்திருக்கிறேன். நல்ல மனிதர்கள்.

மாணவர் ‘அ’ நான்தான் அக்கா.

நண்பன் ரூபன். அவன் அம்மாவைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள், அவனுக்கு எதுவும் ஓடவில்லை. கொடுத்தேன். கொடுத்தது தப்பு, அதை நான் மறுக்கவில்லை. அதை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒரு பாடத்தில் தோற்றிருப்பேன், அவ்வளவுதான்.

அன்று அறைக்குள் போனதும் விரிவுரையாளர் மேசையைத் தட்டினார். எனக்குக் கை தானாகக் கட்டிக்கொண்டது. நீ எழுதிய மாதிரி நியாயம் இல்லாததால் அல்ல, பயத்தாலும் அல்ல. இப்போது பேசினால் எதிர்த்துப் பேசுகிறேன் என்று ஆகும், கோபம் ஆறட்டும், காலையில் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படித்தானே நம் வீட்டில் செய்வோம்? காலை எட்டு மணிக்கே அவர் அறை வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை ஏன் நேற்றுச் சொல்லவில்லை? முடிவு எழுதி அனுப்பியாகிவிட்டதே” என்றார். அவரும் கெட்டவர் இல்லை.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுதினேன். வெட்கமாக இருந்தது, அதனால் வேறு பையன் என்று ஆரம்பித்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று பார்த்துவிட்டு அடுத்த கடிதத்தில் நான்தான் என்று சொல்லலாம் என்றிருந்தேன். நீ சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

மாதிரிக் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறாய்.

அப்பாவிடம் சொல்லாதே. நானே சொல்கிறேன்.

தம்பி,
தர்மா

தஞ்சோங் மாலிம்
3 ஆகஸ்டு 2025

என் கண்ணு தர்மா,

நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மாமாக் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து மீ கோரெங்கைக் கிளறிக்கொண்டிருந்தோமே தவிர, இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஊருக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுக்கிறவள் நான். உன் தோளில் மூட்டை அழுத்திய காயத்தைப் பார்த்ததும் என் தட்டிலிருந்ததையும் உன் தட்டில் தள்ளினேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

வழியில் உன் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்குக் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். மே பதினைந்தாம் தேதியோடு. நீ மாதிரிக் கடிதம் கேட்டது எட்டாம் தேதி. அரை மணி நேர வேலை தர்மா. அதை நான் இணைப்பாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். ரூபனைப் பார்க்கப் போனேன், அவனும் படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு இருக்கிறானாம். கோபிக்கக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அப்பா கிராணி முன்னால் நின்றதை உனக்கு எழுதியவளே நான்தான். அதே நிற்பை வேறு பிள்ளை நின்றதாகக் கேட்டபோது எனக்குத் திருட்டாகத் தெரிந்தது.

கொடுக்காமல் மிச்சமிருந்த கையேடுகளை நிறுத்தி வைத்துவிட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான். அடுத்த பதிப்பில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடப்போகிறேன். அதற்குப் பதில், அந்த அறையில் நிற்கிற பிள்ளை என்ன சொல்லவேண்டும் என்று போடவேண்டும். எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் எனக்கு நோட்டீஸ் மாதிரிதான் வருகிறது. நீ எழுதித் தா. அன்றைக்கு நீ பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் துடிக்கும்,
அக்கா

தஞ்சோங் மாலிம்
14 செப்டம்பர் 2025

தர்மா,

நன்றாக இருக்கிறாயா? பதில் இல்லை. எழுதாவிட்டால் பரவாயில்லை, கையேட்டை விடு. சுகம் என்று ஒரு வரி போட்டால் போதும். தீபாவளிக்கு வந்துவிடு. அப்பா தினமும் கேட்கிறார், நான் பரீட்சை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

ஈப்போ
22 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி முடிந்து நேற்றுக் காலை புறப்பட்டாயே, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நான் இன்னும் அப்பாவோடுதான் இருக்கிறேன். தோள் காயம் ஆறிவிட்டது.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். ஆலையில் மூட்டை தூக்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. மலாயில் நீ மாற்றிக்கொள்.

“ஐயா, இதை எழுதியது நான். என் நண்பனுக்கு எழுத முடியாத நிலைமை, அதனால் பார்க்கக் கொடுத்தேன். கொடுத்தது என் தவறு, அதற்குத் தண்டனை கொடுங்கள். ஆனால் நான் திருடவில்லை. நீங்கள் கோபமாக இருக்கும்போது பேசுவது எனக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.”

இவ்வளவுதான் அக்கா. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எப்படித் தெரியும் என்றால், நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கார்டு சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்று, தலையைக் குனியாமல், எல்லாவற்றையும் சொன்னேன். நீ படித்துக் காட்டிய பக்கத்தில் இருந்த பையன் நான்தான் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ‘ஏன்டா அன்னைக்கே வாயத் தொறக்கல’ என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்தில் கிராணி முன்னால் நிற்பார் என்று நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, என் முன்னால் நின்றார் அக்கா. அப்புறம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ராத்திரி வேலை முடிந்து இப்போதுதான் வந்து படுத்திருக்கிறார். எழுந்ததும் ஏதாவது சொல்வார் என்று அவருக்குத் தேநீர் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி,
தர்மா